கொழும்பு வானில் செய்மதி பார்த்தலும் படம் எடுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் முக்காலியை விரித்தால் கேள்விகள் வரத்தான் செய்யும். அயலவர், மச்சான்மார், அலுவலக நண்பர்கள், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை கீழே. பதில்கள் கொழும்பை மனதில் வைத்து எழுதியவை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்கள் நேரத்தைச் சில நிமிடங்கள் தள்ளிக்கொண்டால் போதும். இருட்டு உங்களுக்கு எங்களைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

கொழும்பில் நட்சத்திரமே ஒழுங்காகத் தெரிவதில்லை. செய்மதி எங்கே தெரியப்போகிறது?

தெரியும். பால்வீதியைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர் கொழும்பை விட்டு ஓட வேண்டும். செய்மதி பார்ப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலாகப் போகும்போது எந்த நட்சத்திரத்தையும் விடப் பிரகாசமாக இருக்கும்; சில வேளை வெள்ளிக் கோளுக்கு ஈடாகவே வந்துவிடும். காலி வீதிக் கடைகளின் வெளிச்சம் எல்லாம் சேர்ந்தாலும் அதை மறைக்க முடியாது. மறைந்துபோவது மங்கலானவைதான். மேலே சுற்றுகிற ஆயிரக்கணக்கானவற்றில் நகரத்துக்குள்ளிருந்து வெறுங்கண்ணுக்குப் படுபவை மிகச் சில. ஆரம்பிக்க அந்தச் சில தாராளம்.

2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த மாதங்களில் வெள்ளவத்தையிலிருந்தே வானம் நன்றாகத் தெரிந்தது. அதற்காக அந்த நாட்கள் திரும்பி வரட்டும் என்று நாங்கள் யாரும் நேர்த்தி வைக்கமாட்டோம்.

எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்?

மற்றக் கேள்வி எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடக்கூடாது. கமராவுக்குக் காசு செலவழித்தவர்களில் பாதிப்பேர் இதை விளங்கிக்கொள்ளாமல்தான் வெறுங்கையோடு கீழே இறங்குகிறார்கள்.

செய்மதிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்குப் பொழுது பட்ட பிறகும் 400 கி.மீ. உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வெயில் அதன் உலோகத்திலும் சூரியத் தகடுகளிலும் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் பார்க்கிறோம். ஆகவே கீழே இருட்டு வேண்டும், மேலே வெயில் வேண்டும்.

கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகைக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் சரிந்து சரிந்து மறைவதில்லை; ஏறக்குறைய நேரே கீழே இறங்கிவிடும். அதே வேகத்தில் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து மேலே ஏறும். கணக்குப் போட்டால், 420 கி.மீ. உயரத்தில் தலைக்கு நேர் மேலே வரும் ஒன்று, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 பாகை போனதும் நிழலுக்குள் புகுந்துவிடும். கொழும்பில் சூரியன் அவ்வளவு தூரம் இறங்க 80 முதல் 90 நிமிடம் எடுக்கும். அதில் முதல் அரை மணித்தியாலம் வானம் வெளிச்சமாகவே இருக்கும். மிச்சம் ஒரு மணித்தியாலம்தான் நம் கையில். மாதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், மாலையில் ஆறரைக்கும் எட்டு மணிக்கும் நடுவே, விடியற்காலையில் நாலரைக்கும் ஐந்தே முக்காலுக்கும் நடுவே என்று பிடித்துக்கொள்ளலாம்.

லண்டனில் இருக்கும் சித்தப்பா ஜூன் மாதம் நள்ளிரவில் விண்வெளி நிலையத்தைப் பார்த்ததாகச் சொன்னால் நம்புங்கள். அங்கே கோடையில் சூரியன் நடுச்சாமத்திலும் 15 பாகைதான் கீழே போகிறது, விண்வெளி நிலையம் இரவு முழுக்க வெயிலிலேயே ஓடுகிறது. ஆனால் "இன்றிரவு 12 மணிக்குக் கொழும்புக்கு மேலே விண்வெளி நிலையம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பேசாமல் படுத்துவிடுங்கள்.

விமானமா செய்மதியா என்று எப்படி அறிவது?

சிவப்பு, பச்சை விளக்கு வெட்டி வெட்டி எரிந்தால் விமானம். கட்டுநாயக்காவுக்கும் இரத்மலானைக்கும் இடையில் வாழ்கிறோம், ஆகவே சந்தேகம் வந்தால் விமானம் என்றே முதலில் நினையுங்கள். செய்மதி சத்தமில்லாமல், ஒரே சீராக, வெள்ளையாகப் போகும். போகிற போக்கில் நடுவானத்திலேயே செம்மஞ்சளாக மங்கி இல்லாமல் போனால், அது பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது. விமானம் அப்படி மறைவதில்லை. கைவிடப்பட்ட ரொக்கெட் பகுதிகள் புரண்டு புரண்டு ஓடும்போது விட்டுவிட்டு மின்னுவதுண்டு, ஆனால் அவற்றில் நிறம் இராது.

எவை எவை தெரியும்?

முதலில் விண்வெளி நிலையம். மணிக்கு ஏறத்தாழ 27,600 கி.மீ. வேகம், ஒரு சுற்றுக்கு 93 நிமிடம் அளவில். நம் வானத்தைக் கடக்க நாலு முதல் ஆறு நிமிடம். அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்வானது. அதனால் கொழும்பில் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கோ வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கோதான் போகும். அடுத்தது சீனாவின் தியான்கொங் நிலையம். 2021இல் முதற்பகுதி ஏவப்பட்டது, விண்வெளி நிலையத்தைவிடச் சிறிது, ஆனாலும் நகரத்துக்குள்ளிருந்து சிரமமில்லாமல் தெரியும்.

மூன்றாவது ஹபிள் தொலைநோக்கி, 1990 முதல் மேலே இருக்கிறது. இதில் நமக்கு ஓர் அனுகூலம். அதன் பாதை 28.5 பாகைக்கு மேல் வடக்கே போவதில்லை, அதனால் லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே கிடையாது. நமக்கோ தலைக்கு மேலாகப் போகும். வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் பெருமை அடிக்க இதைவிட நல்ல சாட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய செயலிகள் சிலவற்றில் "இரிடியம் ஒளிவீச்சு" என்று ஒரு பகுதி இன்னும் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். கண்ணாடி மாதிரியான அன்டெனா கொண்ட அந்தப் பழைய செய்மதிகள் ஏறக்குறைய எல்லாம் இறக்கப்பட்டுவிட்டன.

நேரத்தையும் திசையையும் எங்கே பார்ப்பது?

ஹெவன்ஸ் அபவ் இணையத்தளம், அல்லது நாசாவின் ஸ்பொட் த ஸ்டேஷன். இரண்டும் இலவசம். இடத்தைக் கொழும்பு என்று கொடுங்கள். ஊரைத் தேடிப்பிடிக்க முடியாவிட்டால் வடக்கு 6.9, கிழக்கு 79.9 போதும். நேர வலயம் 5.30 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டவணையில் உச்ச உயரம் 40 பாகைக்குக் குறைந்ததை நான் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கியும் கடல் ஓரத்துப் புகாரும் அதை விழுங்கிவிடும். கையை நீட்டிப் பிடித்த முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. விண்வெளி நிலையம் அவ்வப்போது எஞ்சினை இயக்கித் தன் உயரத்தைக் கூட்டுவதால் ஒரு வாரத்துக்கு முன் எடுத்த நேரம் பிசகிப்போகலாம். அன்றைக்கே இன்னொரு தடவை பாருங்கள்.

கொழும்பில் எங்கே நின்று பார்க்கலாம்?

மாலை என்றால் கடற்கரை. காலிமுகத்திடலோ, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மரைன் டிரைவோ, தெஹிவளைக் கரையோ, எதுவானாலும் சரி. விண்வெளி நிலையம் எந்தப் பாதையில் வந்தாலும் மேற்குப் பாதியில்தான் எழும்பும். அங்கே உங்களுக்கு முன்னால் கடல், கட்டடம் கிடையாது. எழும்பும்போது வெயிலில் இருக்கும், கிழக்கே நகரத்துக்கு மேலே போகப் போக நிழலில் மறையும். ஆக, பார்க்க வேண்டிய பாதி கடல் பக்கமே இருக்கிறது.

விடியற்காலையில் இது தலைகீழ். மேற்கு வானம் நிழலுக்குள் கிடக்கும். நடுவானத்தில் திடீரென்று முளைத்துக் கிழக்கே போகும். அதற்குக் கடற்கரை உதவாது, கிழக்கு திறந்த மாடி வேண்டும்.

எனக்குக் கேட்டால் தொடர்மாடியின் மொட்டை மாடிதான் முதல் தெரிவு. ஆனால் நிர்வாகக் குழுவிடம் சொல்லிவிட்டு, காவலாளிக்கும் ஒரு வார்த்தை போட்டுவிட்டு ஏறுங்கள். நீண்ட லென்ஸோடு இருட்டில் நிற்கிற ஆளை எதிர்வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தால் போதும். லென்ஸ் எப்போதும் மேலே நோக்கி இருக்கட்டும். காலிமுகத்திடலில் முக்காலி வைத்தால் பாதுகாப்பில் நிற்பவர்கள் வந்து விசாரிப்பது வழமை. துறைமுகப் பக்கமோ அரச கட்டடங்கள் பக்கமோ கமராவைத் திருப்பாமல், அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து வரப்போவதை அவர்களுக்கும் காட்டுங்கள். அனேகமாக அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

லேசர் ஒளியால் திசை காட்டுகிற பழக்கம் வேண்டாம். மேலே விமானம் இறங்கும் வழி.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. மே தொடங்கி செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டுவந்து கொழும்பின் மேலேயே நிறுத்திவைக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல். மழை ஓய்ந்து அரை மணித்தியாலத்தில் கழுவிவிட்ட வானம் கிடைக்கிற நாட்களும் உண்டு, அதனால் மழைக்காலத்தில் அட்டவணையைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

போயா விடுமுறையில் படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். விடுமுறை கிடைக்கிற அன்றைக்குத்தான் நிலா முழுசாக நிற்கும்! விண்வெளி நிலையத்துக்கு அது பெரிய தடையில்லை. மங்கலானவற்றைத் தேடுவதென்றால் போயாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

கைத்தொலைபேசியால் எடுக்கலாமா?

எடுக்கலாம், இப்போதைய நடுத்தர விலைப் போனே போதும். நிலையாக வைப்பதுதான் முக்கியம். சின்ன முக்காலி இல்லாவிட்டால் அரிசிப் பையில் சாய்த்து வையுங்கள். புரோ நிலையில் (அளவுகளை நாமே வைக்கிற நிலை) ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறன் 200, திறப்பு நேரம் 10 விநாடி, குவியம் முடிவிலி, மூன்று விநாடித் தாமதம். தானியங்கி இரவு நிலை பல படங்களை எடுத்து ஒன்றோடொன்று பொருத்தும்போது, நகர்கிற கோட்டைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவதுண்டு. அதனால் புரோ நிலையே நல்லது.

கமராவில் என்ன அளவு வைக்க வேண்டும்?

கொழும்பில் பலருக்கும் தலைகீழாகப் படுகிற ஒரு விஷயம் இதில் இருக்கிறது. நட்சத்திரத்துக்குத் திறப்பு நேரத்தைக் கூட்டினால் கூடுதல் ஒளி சேரும். செய்மதிக்கு அப்படியில்லை. அது சென்சரின் ஒவ்வொரு புள்ளியையும் கணப்பொழுதில் தாண்டிப் போய்விடுகிறது, நீங்கள் 5 விநாடி திறந்தாலும் 30 விநாடி திறந்தாலும் கோட்டின் பிரகாசம் ஒன்றுதான். கூடுவது கோட்டின் நீளம் மட்டும். ஆனால் நகரத்து வெளிச்சம் அசையாமல் அங்கேயே இருப்பதால், திறந்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் படத்தில் ஏறிக்கொண்டே போகும். 30 விநாடி திறந்தால் கொழும்பு வானம் தேநீர் நிறத்தில் வந்து, கோடு அதற்குள் கரைந்துவிடும்.

ஆகவே குறுகிய படங்களாகத் தொடர்ந்து எடுத்து, பிறகு கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். 14 முதல் 24 மி.மீ. வரையிலான அகல லென்ஸ், துளை எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 400, திறப்பு 6 அல்லது 8 விநாடி என்று ஆரம்பியுங்கள். முதல் படத்தில் வானம் வெளிறிப் போனால் நேரத்தைக் குறையுங்கள். கோடு மெல்லியதாக இருந்தால் துளையை 2.8க்குத் திறவுங்கள். ரோ கோப்பாகவே (கமரா பதப்படுத்தாத மூலப்படம்) சேமியுங்கள், நகரத்து மஞ்சளைப் பின்னால் குறைக்க இடம் இருக்கும். அடுக்குவதற்கு ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும்.

குவியத்தைத் தானியங்கியில் விட்டால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே நிற்கும். திரையில் ஒரு பிரகாசமான கோளையோ நட்சத்திரத்தையோ பெரிதாக்கி, கையால் சரிசெய்து, பிறகு அந்த வளையத்தைத் தொடவேண்டாம். ஒரு சின்ன ஒட்டுநாடா போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

படத்தின் அடியில் கொழும்பென்று தெரிகிற ஏதாவது வரட்டும். தாமரைக் கோபுரத்துக்குப் பின்னால் போகும் கோட்டை எல்லாரும் எடுத்துவிட்டார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள்; எனக்கு அது இன்னும் அலுக்கவில்லை.

அடுக்கிய படத்தில் கோடு துண்டு துண்டாக வருகிறதே?

கமராவில் நீண்ட திறப்புக்கான இரைச்சல் நீக்கம் இயங்குகிறது. அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கமராவைப் பூட்டி வைக்கும். அணைத்துவிடுங்கள். பிறகும் சின்ன இடைவெளி வந்தால், தொடர் படப்பிடிப்பு நிலையில் வைத்து ரிமோட் பொத்தானைப் பூட்டிவிடுங்கள்.

விண்வெளி நிலையத்தின் உருவத்தையே எடுக்க முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். 109 மீற்றர் அகலமுள்ள அது தலைக்கு மேலே வரும்போது தொலைநோக்கியில் வியாழனைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். சிரமம் அதன் ஓட்டத்தில்தான், உச்சத்தில் விநாடிக்கு ஒரு பாகை. பிரான்ஸைச் சேர்ந்த தியரி லெகோ இத்துறையில் பேர்பெற்றவர்; அவருடைய படங்களில் சூரியத் தகடுகளை எண்ணலாம். டொப்சோனியன் வகைத் தொலைநோக்கியைக் கையாலேயே தள்ளித் தள்ளி, வீடியோவாக எடுத்து, அதிலுள்ள நூற்றுக்கணக்கான தனிப் படங்களில் தெளிவான நாலைந்தைப் பொறுக்குவதுதான் மலிவான வழி.

இதைவிட இலகுவானது சூரியனுக்குக் குறுக்கே போகும்போது எடுப்பது. கடப்பது ஒரு விநாடிகூட இல்லை, தெரியும் பாதையும் சில கிலோமீற்றர் அகலம்தான். வெள்ளவத்தையில் தெரிவது கொட்டாஞ்சேனையில் தெரியாமல் போகலாம். ட்ரான்சிட் பைண்டர் தளம் உங்கள் தெருவுக்கே கணித்துத் தரும். கொழும்பில் ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு வருகிறது. அந்த நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடந்தால், நிலையம் நமக்கு மிகக் கிட்டவே இருக்கும், படத்தில் பெரிதாக விழும். சூரிய வடிகட்டி லென்ஸின் முன்பக்கம் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கமராவும் போகும், கண்ணும் போகும். எக்ஸ்ரே படச்சுருள், கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது.

டிவி டிஷ் பார்க்கிற செய்மதியைப் படம் எடுக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் தேநீர் வாங்கிக் கொடுப்பேன்.

35,786 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு மேலே, பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் செய்மதிகள் அவை. அந்தப் பாதையில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் வயர்லஸ் வேர்ல்ட் சஞ்சிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் கொழும்பிலேயே காலமாகி, பொரளை மயானத்தில் அடக்கமானார். அந்தப் பாதையைக் கிளார்க் பாதை என்றே சொல்வார்கள். மொரட்டுவ, கட்டுபெத்தையில் உள்ள நவீன தொழில்நுட்ப நிறுவனமும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஜப்பான் அன்பளிப்புச் செய்த 45 செ.மீ. தொலைநோக்கி அங்கே இருக்கிறது.

சன் டிரெக்ட் டிஷ் நோக்குகிற 93.5 பாகை கிழக்கு நிலை, கொழும்பில் கிழக்குப் பக்கமாக 72 பாகை உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய உச்சி. ஆகவே இந்தச் செய்மதிகள் அடிவானப் புகாருக்குள் கிடப்பதில்லை, வானத்தின் நல்ல பகுதியில் இருக்கின்றன. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கொழும்பிலிருந்து பார்க்கும்போது இந்த வரிசை வானநடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் விழும் கற்பனைக் கோடு) 1.2 பாகை தெற்கே விழும். ஓரியன் கூட்டத்தின் இடுப்புப்பட்டியில் நடுவில் உள்ள அல்நிலம் நட்சத்திரமும் அதே 1.2 பாகை தெற்கேதான். அது கிழக்கிலிருந்து மேற்கே போகிற வழியே செய்மதிகளின் வரிசை. அதே கூட்டத்தில் உள்ள திருவாதிரை தெரிந்தவருக்கு இடுப்புப்பட்டியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தைப்பொங்கல் காலத்தில் இரவு பத்து மணியளவில் ஓரியன் உச்சத்துக்கு வரும். 85 அல்லது 135 மி.மீ. லென்ஸை முக்காலியில் பூட்டி, இடுப்புப்பட்டியை நோக்கி, 20 விநாடிப் படங்களாகப் பத்து நிமிடம் எடுங்கள். நட்சத்திரங்களைப் பொருத்தாமல் அப்படியே அடுக்கினால் அவை எல்லாம் கோடாகும், செய்மதிகள் மட்டும் புள்ளியாக நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத மங்கலானவை, அதனால் நகரத்துக்குள் பல தடவை முயல வேண்டிவரும். இவ்வளவு உயரத்தில் இருப்பதால் மேலே சொன்ன ஒரு மணித்தியாலக் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. மார்ச், செப்ரெம்பர் மாதங்களை ஒட்டி மட்டும் நள்ளிரவை அண்டிக் கொஞ்ச நேரம் நிழலுக்குள் போய்வரும். அப்படிப் போவதற்கு முன்னும் பின்னும் சில வழமையைவிடப் பல மடங்கு பிரகாசிக்கும்.

நம்முடைய ராவணா-1 தெரியுமா?

இல்லை. அது இப்போது மேலேயும் இல்லை. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் உருவாக்கிய அந்தச் செய்மதி 2019 ஏப்ரலில் ஏவப்பட்டு, ஜூன் 17இல் விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. பக்கத்துக்கு 10 செ.மீ., எடை ஒரு கிலோவை ஒட்டி. 2021இல் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. இருந்த காலத்திலும் அவ்வளவு சிறியதை வெறுங்கண்ணால் பார்த்திருக்க முடியாது.

வரிசையாகப் போகும் விளக்குகள் என்ன?

ஸ்டார்லிங்க், இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் கூட்டங்கூட்டமாக ஏவுகிற செய்மதிகள். ஏவிய சில நாட்களுக்கு ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் போகும், பிறகு உயரம் ஏறிப் பிரிந்து மங்கிவிடும். 2019 மே மாதத்தில் முதலாவது தொகுதியாக 60 செய்மதிகள் போன அன்றிரவே நெதர்லாந்தின் லைடனிலிருந்து மார்கோ லாங்புரூக் என்ற பொழுதுபோக்குக் கண்காணிப்பாளர் எடுத்த காணொளிதான் உலகத்துக்கு அதைக் காட்டியது. 2025 முதல் இலங்கையிலும் அவர்களுடைய இணையச் சேவை கிடைக்கிறது. தொழில்முறை வானியலாளருக்கு இவை பெரிய தலையிடி; அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் வரிசை வருகிறது என்று தெரிந்தால் மாடிக்கு ஓடத்தான் செய்கிறேன்.

உளவுச் செய்மதிகளைப் பார்ப்பது குற்றமாகாதா?

வானம் எல்லாருக்கும் தெரிகிறது. பாதை வெளியிடப்படாத செய்மதிகளை நட்சத்திரங்களுக்கு எதிரே அளந்து, தாமே கணித்து வெளியிடுகிற பொழுதுபோக்காளர்கள் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களால் நன்மையும் உண்டு: 2005இல் தொடர்பிழந்த நாசாவின் இமேஜ் செய்மதி இன்னும் சமிக்ஞை அனுப்புகிறது என்று 2018 ஜனவரியில் கண்டுபிடித்தவர் கனடாவைச் சேர்ந்த ஸ்கொட் டில்லி என்ற வானொலி ஆர்வலர்.

நம் ஊரில் உளவு என்ற சொல்லைக் கேட்டாலே 2022 ஓகஸ்டில் ஹம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5 கப்பல் நினைவுக்கு வரும். செய்மதிகளைத் தொடர்கிற அந்தச் சீனக் கப்பலுக்கு இந்தியாவிலிருந்து எவ்வளவு எதிர்ப்பு! உங்கள் முக்காலிக்கு அவ்வளவு மரியாதை யாரும் தரமாட்டார்கள்.

விழுகிற செய்மதியைக் கொழும்பிலிருந்து பார்க்க முடியுமா?

அதிர்ஷ்டம் வேண்டும். 2015 நவம்பர் 13 அன்று, டபிள்யூ.டி.1190எஃப் என்று பெயரிட்ட ஒரு விண்குப்பை இலங்கையின் தென்கரைக்கு அப்பால் சுமார் 100 கி.மீ. தூரத்தில், பட்டப்பகல் பதினொன்றே முக்காலுக்கு எரிந்தது. எங்கே, எப்போது விழும் என்று முன்கூட்டியே கணித்திருந்ததால் வெளிநாட்டு ஆய்வாளர் குழுவொன்று விமானத்தில் வந்து படம் எடுத்தது. தரையில் காத்திருந்தவர்களுக்கு மேகம்தான் கிடைத்தது. நவம்பரில் வேறென்ன கிடைக்கும்! 2021 மே மாதம் சீனாவின் லோங் மார்ச் 5பி ரொக்கெட்டின் பெரிய பகுதி மாலைதீவுக்கு அருகே விழுந்தது.

தீப்பந்து கண்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மெதுவாக, துண்டு துண்டாக உடைந்து, அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தால் விண்குப்பையாக இருக்கலாம். ஓரிரு விநாடியில் முடிந்தால் விண்கல்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகிற ரொக்கெட் தெரியுமா?

கொழும்புக்கு அது தூரம். துருவப் பாதைக்குப் போகும் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் இலங்கைக்கு மேலாகப் பறக்கக்கூடாது என்பதால் முதலில் தென்கிழக்கே போய், கடலுக்கு மேலே திரும்பி, பிறகுதான் தெற்கே போகிறது. அதைப் பார்க்கத் திருகோணமலை, மட்டக்களப்புக் கரையே தோது.

ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து திருப்பமே இல்லாமல் நேர் தெற்கே ஏவலாம் என்பதுதான் அதைக் கட்டுவதன் நோக்கம். அந்தப் பாதை கொழும்புக்கு மேற்கே, ஏறத்தாழ 200 கி.மீ. தூரத்தில், கடலுக்கு மேலாக விழுகிறது. பொழுது பட்ட நேரத்தில் ஏவினால் காலிமுகத்திடலில் கடலை வாங்கிக்கொண்டு நின்றபடியே பார்க்கலாம் என்பது என் கணக்கு.

லென்ஸ் உள்ளே வெள்ளை நூல் மாதிரிப் படர்கிறது. என்ன செய்வது?

பங்கசு. கொழும்பு ஈரப்பதனும் கடற்காற்றும் தருகிற பரிசு. உடனே மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வைத்து, திருத்துபவரிடம் கொடுங்கள். இனிமேல் கமராவைத் துணிப்பையில் வைத்து அலுமாரிக்குள் போடாமல், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி பனித்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டு, அதன் பிறகு எடுங்கள்.